எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது

மாங்காய்த் தோப்பில் பறிக்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது, "காம்போட பறிங்க" என்பதுதான். காம்பு ஒட்ட ஒடிந்தால் பால் பீச்சியடிக்கும். கையில் பட்டால் எரியும், முகத்தில் பட்டால் புண்ணாகும், காயில் வழிந்தால் தோல் கறுத்து விலை இறங்கும். அதனால் கொஞ்சம் காம்பு விட்டுப் பறித்து, பிறகு அதைக் கிள்ளி, காயைக் கவிழ்த்துப் பாலை வடிய விடுகிறார்கள். அந்தப் பாலில் இருக்கும் காரமான எண்ணெய்ப் பொருள்கள் காய்க்குக் காவல். அவ்வளவு காரத்தையும் மெல்லிய குழாய்களில் தனியே அடைத்து வைத்துவிட்டுத்தான் சதை இனிக்கப் பழுக்கிறது.

நமக்குச் சிறுநீரகம் உண்டு, வேர்வைச் சுரப்பி உண்டு. செடிகொடிகளுக்கு அப்படி ஓர் உறுப்பு கிடையாது. நின்ற இடத்தைவிட்டு நகரவும் முடியாது. தனக்குள் சேர்வதை எல்லாம் அவை என்னதான் செய்கின்றன? மனத்தில் கசப்பு சேர்ந்தால் நாம் அறிந்த வழி இரண்டே: எதிரே வந்தவர்மேல் கொட்டுவது, இல்லையென்றால் உள்ளுக்குள்ளேயே புழுங்குவது.

செடி பிரித்துப் பார்க்கிறது. பகலில் உணவு தயாரிக்கும்போது மிஞ்சுகிற ஆக்சிஜனை இலைத்துளை வழியே விடுகிறது. அது நமக்கு மூச்சு. மண் ஈரமாக இருக்கும் இரவில் வேர் மேலே தள்ளுகிற உபரி நீரைத் தக்காளி இலை தன் விளிம்பில் சொட்டுகளாக வெளியேற்றுகிறது. விடியலில் பனித்துளி என்று நாம் நினைப்பது பல நேரம் அதுதான். ஆமணக்கின் இலைக்காம்பை உற்றுப் பாருங்கள்: சிறு குமிழ்கள் தெரியும். அவற்றில் தேன் கசியும். அதைத் தேடி வரும் எறும்புகள் இலை தின்னும் புழுக்களைத் தாக்கும்.

இலை உதிர்வதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பழுத்த இலையிலிருந்து நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் பெரும் பங்கை மரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கால்சியம் போல மீட்க முடியாததை இலையோடு போகவிடுகிறது. முறிந்த உறவிலிருந்து வெளியேறும்போது நமக்கு வேண்டியது இந்தப் பக்குவம். பத்து வருடம் சோறு போட்டவரை ஒரு வார்த்தைக்காக முழுசாக வெறுத்துவிடுகிறோம். அவர் கற்றுக்கொடுத்ததையாவது எடுத்துக்கொண்டு பிரியலாம்.

உதிர்க்கவே முடியாதவையும் உண்டு. தருமபுரியிலிருந்து இண்டூர் வழியாகப் பென்னாகரம் போகிற பக்கமெல்லாம் புளிய மரங்கள். முதிர்ந்த புளியை அறுத்தால் வெளிக்கட்டை வெளிர் மஞ்சளாக இருக்கும். நடுவே கருத்த பழுப்பில் வைரம் பாய்ந்திருக்கும். உள்ளே இருக்கும் செல்கள் உயிர்விடும்போது, சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு பினால் வகைப் பொருள்களை உண்டாக்கித் தம்மைச் சுற்றி நிரப்பிவிடுகின்றன. அதன் பிறகு அந்தப் பகுதியில் நீர் ஓடாது. ஆனால் வெளிக்கட்டையை அரிக்கும் பூச்சி அதை எளிதில் அரிக்காது. செக்குக்கும் உரலுக்கும் கறிக்கட்டைக்கும் புளியைத் தேடியது இந்த உறுதிக்காகத்தான். இளம் மரத்தில் இது கிடைக்காது. வருடங்கள் ஆக வேண்டும்.

சில துக்கங்களும் அப்படித்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "மறந்துடும்மா" என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனாலும் அது முடியாததைக் கேட்பது. அந்தத் துக்கம் அவளை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம். அவள் அதையும் வைத்துக்கொண்டே அடுத்த வேளைக்கு உலை வைப்பாள், இன்னொருத்தியின் இழவுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பாள். அதற்குக் காலம் பிடிக்கும். துக்கத்தில் இருப்பவரை மறக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்; அந்தக் காலம் முழுக்கப் பக்கத்தில் இருங்கள்.