கணக்குக் கேட்பது பகையா?



சிம்பாங் அம்பாட்டில் கடை நடத்தும் நமக்கு, அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்புப் புத்தகம் பழக்கமானது. தோட்டத்து மக்களின் பற்றை அதில்தான் எழுதி வந்தோம். ஒன்று கடையிலும் ஒன்று அவர்கள் கையிலும் இருக்கும். இரண்டையும் ஒத்துப் பார்த்த பிறகே பணம் கைமாறும். அதை அவமதிப்பு என்று நாம் கோபித்ததில்லை.

ஆனால் பொதுப்பணம் என்றதும் வேறு மனிதராகி விடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் மையித்துச் செலவுக்கான ஒரு நிதிக்கு நாமே தனாதிகாரியாக இருந்தோம். கூட்டத்தில் ஒரு வாலிபர் எழுந்து, "காக்கா, ரசீதுகளைப் பார்க்கலாமா?" என்றார். "திருட்டுப் பட்டம் கட்டுகிறாயா?" என்று சீறினோம். சபையும் நம் பக்கமே நின்றது. வாலிபர் தலைகுனிந்து உட்கார்ந்தார். அதன் பின் கூட்டத்துக்கே வரவில்லை. அன்றிரவு கூட்டிப் பார்த்ததில் 40 வெள்ளி துண்டு விழுந்தது. களவல்ல, எழுத மறந்த செலவு. எதற்குச் செலவானதென்று இன்றுவரை நமக்கே தெரியாது. கைக்காசைப் போட்டு நிரப்பினோம். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இது புதிய நோயன்று. பினாங்கில் 1801-ல் கப்பித்தான் காதர் முகைதீன் ஸ்தாபித்த பள்ளிவாசலின் வக்பு நிலங்கள் நாளடைவில் நிர்வாகச் சீர்கேட்டில் சிக்கின. முடிவு என்ன? 1905-ல் ஆங்கில அரசாங்கம், மலாக்காவும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு, முகம்மதிய, இந்து தரும சொத்துச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அரசு நியமித்த வாரியம் நிர்வாகத்தை ஏற்றது. நமக்குள் கேட்டுத் தீர்த்திருக்க வேண்டியதை அந்நியர் வந்து கேட்டனர்.

இன்றும் 1966-ஆம் வருஷத்துச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் பதிவதிகாரிக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். தண்டனைக்கு அஞ்சி அனுப்புகிறோம். சந்தா கொடுத்தவர் கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம்!

"நம்பிக்கையான ஆள், கேட்டால் மனம் நோகும்" என்பார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. அது திருடர்களை நோக்கியல்ல, ஈமான் கொண்டவர்களை நோக்கியே பேசுகிறது. எழுதிய கணக்கு நேர்மையாளனுக்கே காவல். அன்று ரசீதுகளை விரித்திருந்தால் நம் மறதி அங்கேயே வெளிப்பட்டிருக்கும்; ஒரு நல்ல ஊழியரையும் நாம் இழந்திருக்க மாட்டோம்.

ஆகவே, மாதந்தோறும் வரவு செலவைப் பலகையில் ஒட்டுவோம். கேட்பவருக்குப் பேரேட்டைக் காட்டுவோம். அந்த வாலிபரின் வீடு நமக்குத் தெரியும். இன்ஷா அல்லாஹ், இந்த வாரமே சென்று மன்னிப்புக் கேட்போம்.