சீலமும் தண்டனையும்: கஞ்சாக் கொள்கைக்கு ஆய்வு ஏன் வேண்டும்

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைத் தடைசெய்கிறது. அதே நாட்டில் சுத்தி செய்த கஞ்சா சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேர்கிறது. ஏற்றுமதிக்காக அதைப் பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 2025இல் அரசு இசைவும் கொடுத்தது. மலையகத்து ஹட்டனிலோ அது பிடிபடும் பொருளாகவே இருக்கிறது. டிசம்பர் போயா முதல் வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் பஸ்களையும் வேன்களையும் பொலிஸார் மோப்ப நாயோடு சோதிக்கிறார்கள். சட்டைப்பையில் சிறு பொட்டலத்துடன் அகப்படும் இளைஞர் நீதவான் முன் நிற்கிறார்.

புனித மலையில் போதை ஆகாது என்பதில் பௌத்தருக்கும் சைவருக்கும் பிணக்கில்லை. ஆனால் போதையைத் தவிர்க்கச் சொல்லும் பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் ஒருவர் தாமே மேற்கொள்ளும் பயிற்சி. மணிமேகலைக் காப்பியத்தில் வணிகன் சாதுவன் நாகர் தலைவனிடம் கள்ளுக்கு எதிராகப் பேசுவது அரச தண்டனையைக் காட்டி அல்ல, வினைப்பயனை விளக்கி, அவன் கேட்ட கேள்விக்கெல்லாம் விடை சொல்லி. சட்டமோ பிறர்மேல் விழுவது. பிறரைச் சிறையிலிட, பொருள் தீயது என்பது மட்டும் போதாது. தண்டனையால் அந்தத் தீமை குறைகிறது என்பதும் நிறுவப்பட வேண்டும். சமயமும் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. தோட்டத்து முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படையலாகின்றன. வட இந்தியச் சிவபக்தர் பாங்கு அருந்துகிறார்கள். 1893-94இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த இந்தியக் கஞ்சா ஆணைக்குழு இவ்வழக்கத்தையும் பதிவுசெய்து, முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்று பரிந்துரைத்தது. அதன் முடிவு இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம். கேட்டறிந்து முடிவுசெய்த முறை பொருந்தும்.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியதும் உலக சுகாதார நிறுவனத்தின் மீளாய்வை வைத்துத்தான். இளவயதில் அடிக்கடி புகைப்பவருக்கு மனச்சிதைவு ஆபத்து கூடுகிறது என்பதையும் ஆய்வே காட்டியது. அதை மறைக்கும் கொள்கையும் நேர்மையானதல்ல.

மலையகத்துக்கு வேண்டிய விவரம் கைது எண்ணிக்கையில் இல்லை. சோதனை கூடினால் கைதும் கூடும்; பாவனை கூடியதா என்பது அதில் தெரியாது. உரிமம் பெற்ற சாராயக் கடையும், வாய்ப்புற்றுநோய் தரும் வெற்றிலை-பாக்கு-புகையிலையும் தோட்ட லயத்துக் குடும்பங்களுக்குச் செய்யும் கேட்டோடு கஞ்சாவின் கேட்டை ஒப்பிட வேண்டும். எந்த வயதில் தொடங்குகிறார்கள், தண்டப்பணத்துக்கு எங்கே கடன்படுகிறார்கள், தமிழில் சிகிச்சை கிடைக்கிறதா என்றும் அறிய வேண்டும். இவற்றைக் கேட்கப் போகிறவர் தோட்ட மருத்துவமாதுவைப் போல லயத்தார் நம்புகிறவராக இருக்க வேண்டும். சீருடைக்கு முன் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.