அந்திச் சாப்பாட்டை யார் ஆக்குவது?

தரம் ஏழு பிள்ளைகளுக்கு ‘எங்கள் வீட்டு மாலைப்பொழுது’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். ஏறத்தாழ எல்லாக் கொப்பிகளிலும் கதிரவன் மேற்கே மறைந்தான், பறவைகள் கூடு திரும்பின. அது நாங்கள் கற்பித்த பாவம். ஒரு கொப்பியில் மாத்திரம் பறவை இல்லை. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வர ஐந்தரை ஆகும், நான் நாலு மணிக்கே மா பிசைந்து வைப்பேன், ஈர விறகென்றால் ஊதி ஊதிக் கண் எரியும், தம்பி கிரிக்கெட் விளையாடுவான், அப்பா வாசலில் இருப்பார் என்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பத்துக்கு ஆறு போட்டேன்.

அந்தப் பிள்ளை முதல் பாடத்திலேயே தூங்கி விழுகிறவள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாயிடம், பிள்ளையை இரவில் நேரத்தோடு படுக்க விடுங்கள் என்று உபதேசித்தேன். ஆசிரியர் கலாசாலையில் கற்ற பிள்ளை உளவியல் கொஞ்சம் நாவில் மிச்சமிருந்தது. அவர் கேட்டார்: “அவ ரொட்டி சுடாட்டி நாங்க எத்தின மணிக்குச் சேர் திங்கிறது?” பிறகு, கோபமே இல்லாமல், “ஒங்க வீட்டுல ராத்திரிச் சாப்பாட்ட யாரு சேர் ஆக்குறா?”

என் மனைவியும் ஆசிரியை. நான் இறங்கி அரை மணித்தியாலம் கழித்து வரும் பஸ்ஸில் வந்திறங்குகிறவர். அவர் தேங்காய் துருவும் நேரத்தில் நான் பத்திரிகை வாசிப்பேன். அதை அந்தத் தாயிடம் சொல்லவில்லை. “மனைவிதான்” என்றேன்.

கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கின்றன. பால்வெட்டு விடியலோடு தொடங்கும். பகலில் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அன்றைய வேலை சரி. கொழுந்து அப்படியல்ல. அந்தி நிறுவை முடியும்வரை மலையில் நிற்க வேண்டும். ஆண்கள் செய்யும் சில்லறை வேலைகளும் பெரும்பாலும் பிற்பகலிலேயே முடிந்துவிடும். 1984இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றானது. 2021இல் அது ஆயிரம் ரூபாயானது, 2024இல் 1350 ஆனது. எல்லாவற்றையும் கூட்டம் போட்டுப் பேசினோம். பிற்பகல் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே வீட்டில் யார் கை சும்மா இருக்கிறது என்று பேசிய கூட்டம் எதையும் நான் அறியேன்.

ரொட்டியும் யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுவந்த உணவல்ல. அரிசியும் மாவும் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலத்தில், கிடைத்ததைக் கொண்டு பெண்கள் கண்டுபிடித்த உபாயம் அது. ஒருமுறை பிசைந்தால் இரவுக்கும் ஆகும், மறுநாள் மலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் ஆகும். கறி இல்லாவிட்டால் கட்டச் சம்பல் போதும். 1973, 74 பஞ்சத்தில் அந்த மாவும் கிடைக்காமல் போனதையும், மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் அவித்துக் காலம் தள்ளியதையும் இங்குள்ள முதியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2022இல் மா விலை பல மடங்கு ஏறியபோது அவர்கள் பேச்சில் அந்தப் பழைய வருடங்கள்தாம் வந்தன. அந்த வருடம் காஸ் இல்லாமல் எங்கள் வீட்டிலும் இறப்பர் விறகு எரிந்தது. புகையில் நின்றவர் நான் அல்ல.

இரவுச் சமையலைச் சுலபமாக்க வழிகள் இல்லாமல் இல்லை. பருப்பைக் காலையிலேயே ஊறப்போடலாம், ரைஸ் குக்கர் வாங்கலாம், ஈரப்பலாக் காலத்தில் அவித்த காயோடு தேங்காய்ச் சம்பல் போதும் என்றிருக்கலாம். இவற்றை நான் இகழவில்லை. ஆனால் இவை எல்லாமே ஒருத்தியின் வேலையை அவளே விரைவாகச் செய்துமுடிக்கும் வழிகள். வேலை யாருடையது என்ற கேள்வியை அவை தொடுவதில்லை.

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்பது பொய். நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் அஸருக்கு முன்பே பெரிய சட்டியில் கஞ்சி கொதிக்கிறது. இஞ்சி, பூண்டு, றம்பை, தேங்காய்ப்பால் எது எப்போது விழ வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள் ஆண்கள். கந்தூரிச் சோறும் அவர்கள் கைதான். தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் அன்னதான அண்டாவைக் கிண்டுகிறவர்கள் ஆண்களே. ஊருக்கே ஆக்கத் தெரிந்த கைக்கு நான்கு பேருக்கு ஆக்க ஏன் வராது? ஊர் பார்க்க ஆக்கினால் அது சேவை, கதவுக்குள் ஆக்கினால் அது பெண்ணுடைய கடமை என்று வைத்திருக்கிறோம்.

வங்காளத்து றுகையா சகாவத் ஹுசைன் 1905இல் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அச்சேறியது சென்னையிலிருந்து வந்த பெண்கள் சஞ்சிகை ஒன்றில். அதில் புகையே இல்லாத அடுக்களை ஒன்று வருகிறது. சூரிய வெப்பத்தில் சமையல்; அடுக்களையில் ஆண்கள். நூற்றிருபது வருடம் ஆகியும் அதைப் படித்துச் சிரிக்கிறோம். சூரிய அடுப்பு இன்று வேடிக்கையல்ல, மற்றதுதான் இன்னும் வேடிக்கை.

பயான்களில், பாத்திமா நாயகியின் கை திரிகை அரைத்துக் காய்த்துப்போன சம்பவத்தைப் பெண்களுக்குப் பொறுமைப் பாடமாகச் சொல்கிறோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று ஆயிஷா நாயகி அறிவித்ததை ஆண்களுக்கு அதே குரலில் சொல்வதில்லை.

பால் வெட்டுகிறவனும் இருட்டில் எழும்புகிறவன்தான், அவனுக்கு அலுப்பில்லையா என்று என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அலுப்பு இரண்டு பேருக்கும் உண்டு. ஓய்வு ஒருவருக்கு மட்டும் இருப்பதைத்தான் நான் கேட்கிறேன். அந்த ஓய்வின் விலையை வகுப்பில் தூங்கி விழும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கொடுக்கிறாள்.

செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாடு என் பொறுப்பு என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி பெரிதாக மகிழவில்லை. “என்ன ஆக்கிறதெண்டு எனக்கிட்டக் கேக்காட்டிச் சரி” என்றார். அடுப்படியில் நிற்பதைவிட, காலையிலிருந்து அதை நினைத்துக்கொண்டே இருப்பதுதான் பாரம் என்று அப்போதுதான் விளங்கியது. முதல் செவ்வாய் மதியமே எனக்குப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. வீட்டில் வெங்காயம் இருக்கிறதா?

மூன்றாவது வாரம், இஷா தொழுது வந்து பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தேன். மனைவி முன்னறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். மகன் அடுப்படிவரை வந்தான், கையில் அகப்பையோடு நின்ற என்னைப் பார்த்தான், திரும்பி முன்னறைக்குப் போனான்.

“உம்மா, சாப்பாடு எப்ப?”