கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

கல்லறைகளைப் படிப்பது என் பொழுதுபோக்கு. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் ஒரு பெண் இதைச் சொன்னால் கேட்பவர் முகம் சுருங்கத்தான் செய்யும். என் குடும்பத்தில் இறந்தவர்களுக்குக் கல் கிடையாது. காவிரிக்கரை ஓயாமாரியில் எரித்துச் சாம்பலைக் கரைத்துவிட்டால், பிறகு எஞ்சுவது அம்மா மண்டபத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்துச் சொல்லும் மூன்று தலைமுறைப் பெயர்கள்தான். அதற்கு மேலே உள்ளவர்கள் யாரென்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, பெயரையும் தேதியையும் கல்லில் வெட்டி வைத்தவர்கள்மேல் எனக்கு இவ்வளவு ஈர்ப்பு. ஐ.சி.எஸ். அதிகாரி ஜே. ஜே. காட்டன், சென்னை மாகாணத்தின் முக்கியமான கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1905-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த மனிதரின் பொறுமையை நினைத்து வியக்காத நாளில்லை.

"இவ்வளவு சாவைப் பார்த்துட்டீங்களே, பயமெல்லாம் விட்டுப் போயிருக்குமே?" என்று கேட்பார்கள். என் கணவருக்குப் பக்கவாதம் வந்த காலையிலிருந்து இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

சமையலறையில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. "என்னங்க?" என்றேன். பதில் வந்தது, ஆனால் அதில் வார்த்தை இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. சிந்திய காபியை இடது கையால் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கை யாருடையதோ என்பதுபோலத் தொங்கியது. தரையைச் சுத்தம் செய்யாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்தான். காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை அந்த வலது கையை என் மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கான இறந்த தேதிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய எனக்கு அந்த நேரத்தில் எதுவும் துணைக்கு வரவில்லை. அடுத்தவர் சாவை எவ்வளவு படித்தாலும் அது நம் வீட்டுக்கு ஆகாது.

அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த இளம் மருத்துவர் வயதைக்கூடப் பிறகுதான் கேட்டார். முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதும்மா?" அடுத்தது: "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" ஏன் இப்படித் துருவுகிறார் என்று அப்போது புரியவில்லை. மூளையில் ரத்தக்கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் கசிவு இருக்கும்போது அதே ஊசி உயிரை வாங்கிவிடும். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் செத்துப் போகின்றன என்பது கணக்கு. ஆண்டும் தேதியும் அங்கே செல்லாது. அங்கே கேட்பது நிமிடத்தை.

என்னால் சொல்ல முடிந்தது. ரேடியோவில் காலைச் செய்தி ஆரம்பித்தபோது, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். டம்ளர் விழுந்தபோது செய்தி முடியவில்லை. அதைக் கேட்டதும் மருத்துவர் நர்ஸிடம் நேரத்தைச் சொல்லி எழுதச் சொன்னார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றபோது ஹீபர் நினைவுக்கு வந்தார். திருச்சிக்காரர்களுக்கு அவர் ஒரு கல்லூரியின் பெயர். எனக்கு அவர் புனித யோவான் ஆலயத்துக்குள் இருக்கும் கல்லறை. கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3 காலை, கோட்டைக்குள் இருக்கும் கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் நடத்திவிட்டு, வெயிலோடு தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பினார். குளிக்கத் தொட்டியில் இறங்கினார். நெடுநேரம் சத்தம் இல்லாததால் வேலைக்காரர் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. வயது 42. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததே காரணம் என்று அன்றைய மருத்துவர்கள் முடிவு செய்தார்கள்.

மனைவி அமீலியா அப்போது பெண் குழந்தைகளோடு கல்கத்தாவில் இருந்தார். தந்தியோ ரயிலோ இல்லாத காலம். ஹீபர் திருச்சியில் அடக்கமான பிறகும் கல்கத்தா வீட்டில் பல நாட்கள் உயிரோடுதான் இருந்திருப்பார். அந்த நாட்களில் அமீலியா அவருக்குக் கடிதம்கூட எழுதியிருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. 1828-இல் கணவரின் பயணக் குறிப்புகளையும் 1830-இல் அவர் வாழ்க்கை வரலாற்றையும் அமீலியா வெளியிட்டார். கணவருடைய கடைசி மணி நேரத்தை மட்டும் மற்றவர்கள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

புறநானூற்றின் 256-ஆவது பாட்டில் ஒருத்தி, கணவனுக்குத் தாழி வனையும் குயவனிடம் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கெஞ்சுகிறாள். அந்தப் பாட்டை எத்தனையோ பேருக்குச் சொல்லி நெகிழ்ந்தவள் நான். அன்று அந்த நடைவழியில் அது பிடிக்காமல் போயிற்று. கூடவே போய்விடுவதைப் பற்றி யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. அவருக்கு என்னென்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று என்னை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்விகள்தான் என்னை நிற்க வைத்தன.

ஊசி நேரத்துக்குள் போட்டார்கள். பேச்சு மெல்ல மெல்லத் திரும்புகிறது. வாய்விட்டுப் படிக்க வையுங்கள் என்றார் பேச்சுப் பயிற்சியாளர். கைக்கு அகப்பட்டது நான் கல்லறைகளில் பார்த்து எழுதிய நோட்டு. தமிழில் எழுதிவைத்த வெள்ளைக்காரப் பெயர்களில் நாக்கு நன்றாகப் புரளும் என்று அதையே கொடுத்தேன். கொஞ்ச நாள் படித்தார். கைக்குழந்தைகளின் பக்கம் வந்ததும் மூடிவிட்டு, "இது வேணாம், பேப்பர் குடு" என்றார். இப்போது தினமும் பேப்பர்தான். காவிரியில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை படிக்கிறார்.