அபானனும் இரட்டைக் கருவும்

திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் வரும் கர்ப்பக் கிரியை என்னும் பகுதி, உடலின் கீழ்ப்பாகத்தில் நின்று மலம், சிறுநீர், கரு ஆகியவற்றை வெளியேற்றுவதாகக் கருதப்படும் அபானன் என்ற வாயு எதிர்த்தெழுவதே இரட்டைக் கரு உண்டாகக் காரணம் என்கிறது. இரு முட்டைகள் தனித்தனியே கருவுறுவதாலோ, கருவுற்ற ஒரே முட்டை பிளவுறுவதாலோ இரட்டையர் உருவாவதை அறிந்த இன்றைய வாசகர் அவ்விளக்கத்தை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்று அபானனைப் பற்றிய யோகச் சிந்தனை எழுப்பும் வினா பழையதாகிவிடவில்லை.

குதத்தை ஒட்டிய தசைகளைச் சுருக்கி அபானனை மேலே இழுக்கும் மூலபந்தம் யோகியின் சாதனை. பிரசவமோ அதற்கு நேர் எதிரான இயக்கத்தை வேண்டுவது. இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து வால் எலும்பு வரை விரிந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இரட்டைக் கர்ப்பத்தில் கூடுதல் பாரம் சுமக்கின்றன. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவது அதனால்தான். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதிப் பரவலாக்கிய சுருக்கப் பயிற்சி இக்கசிவைக் குறைக்க உதவும். எனினும் இறுக்க மட்டுமே பழகிய தசை பேற்றுக்குப் போதாது. சில நொடிகள் சுருக்கியபின், மூச்சை வெளிவிட்டு, தாடையும் பிட்டமும் இறுகாமல் முழுவதும் தளர்த்துவது பயிற்சியின் மறுபாதி; பலர் அவசரத்தில் விட்டுவிடுவதும் அதையே. இரட்டையர் பெரும்பாலும் 37 வாரத்துக்குள் பிறந்துவிடுவதால், மருத்துவர் தடை சொல்லாத நிலையில், இதை முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

இவ்வாறு ஆயத்தமாவது இறையருளை நம்பாமையா? வைணவர்களில் வடகலையார் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தென்கலையார் தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் காட்டி முயற்சிக்கும் சரணாகதிக்கும் இடையே கோடிட்டனர். இந்தப் பயிற்சியில் அக்கோடு நிற்பதில்லை. தளர்தலும் முயன்றே கற்கப்படுவதால், விட்டுக்கொடுத்தல் இங்கே உழைப்பின் எதிரியன்று, அதன் பயன்.

முயற்சிக்கு எல்லையும் உண்டு. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்தாலோ, முதற்குழந்தை குறுக்கே கிடந்தாலோ, எந்தத் தசைப் பயிற்சியும் சிசேரியனைத் தவிர்க்காது. அங்கே வினைப்பயன் என்றோ, ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை என்றோ தாயைக் குறை கூறுவது தத்துவமும் ஆகாது, மருத்துவமும் ஆகாது. வயிற்றைக் கிழித்துப் பெற்றவளின் இடுப்புத்தளமும் இரு கருக்களின் பாரத்தைச் சுமந்ததே. பேற்றுக்குப் பின்னும் அவளுக்கு இப்பயிற்சி தேவை.