மருமகள் போனில் மட்டும் கதிர்வீச்சு

பி.பி. ஏறிவிட்டது, அட்மிட் ஆகிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் பை தயாராகிறது. நைட்டி, பிளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட் திணித்த பிளாஸ்டிக் கவர், பிள்ளையைச் சுற்றப் பழைய வேட்டித் துணி. எல்லாம் உள்ளே போன பிறகு கர்ப்பிணியின் கையிலிருந்து ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குச் செல்லு? கதிர் வீசும்."

அந்தக் கதிரைக் கொஞ்சம் விசாரிப்போம். போன் அனுப்புவது ரேடியோ அலை. எக்ஸ்ரேவைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு அதற்குக் கிடையாது. மரபணுவின் ஒரு பிணைப்பை அறுக்கத் தேவையான ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குகூட அந்த அலையின் ஒரு துகளில் இல்லை. அதனால் உடலில் உண்டாவது மிகச் சிறிய சூடு. அதற்கும் இந்தியாவில் 2012 முதல் வரம்பு இருக்கிறது, கிலோவுக்கு 1.6 வாட்.

"புற்றுநோய்ப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்களே" என்பார்கள். சேர்த்தார்கள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. இருக்கலாம், ஆனால் சான்று போதாது என்பதற்கான பிரிவு அது. ஆசிய நாட்டு ஊறுகாயும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு படி மேலே, 2ஏ பிரிவில், வீட்டுக்குள் விறகெரிக்கும் புகை இருக்கிறது. பிள்ளை எடை குறைந்து பிறப்பதற்கும் அந்தப் புகைக்கும் தொடர்பு உண்டென்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியும் ஆயிற்று. நிறைமாத வயிற்றோடு அடுப்பூதிய பெண்ணிடம் "எழுந்திரு தாயி, பிள்ளைக்கு ஆகாது" என்று சொன்ன வீடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அடுப்பு அணைந்தால் வீட்டில் எல்லாருக்கும் பட்டினி. போன் அணைந்தால் அவள் ஒருத்திக்குத்தான் நஷ்டம்.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் தாய் போன் பேசியதற்கும் பிள்ளையின் நடத்தைச் சிக்கலுக்கும் தொடர்பு தெரிவதாக 2008-ல் டென்மார்க் ஆய்வு ஒன்று சொன்னது. வேறு காரணங்களும் இருக்கலாம் என்று அதை எழுதியவர்களே சொன்னார்கள். 2017-ல் வந்த நார்வே ஆய்வில் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சிக்குக் கேடு எதுவும் தெரியவில்லை. பயம் தீரவில்லையென்றால் ஸ்பீக்கரில் பேசச் சொல்லுங்கள்.

இனி வார்டைப் பாருங்கள். கட்டிலருகே ஸ்டூலில் மாமியார் போனில் சீரியல் அலறுகிறது. பார்வையாளர் நேரத்தில் வந்த புருஷன், அவள் வயிற்றுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறான். அந்த இரண்டு போனிலும் கதிர் வீசாது போலிருக்கிறது. கிரகணத்தன்று கர்ப்பிணியை இருட்டறையில் உட்கார வைத்த பழைய பயம், சட்டை மாற்றிக்கொண்டு அறிவியல் பெயரில் வந்திருக்கிறது. அன்றைக்கும் கத்தரிக்கோலைத் தொடக் கூடாதவள் அவள் ஒருத்திதான்.

மருத்துவமனை விதியை நான் இதோடு சேர்க்கவில்லை. பிள்ளையின் இதயத் துடிப்பைப் பதியும் கருவியையும் மருந்து ஏற்றும் பம்பையும் ஒட்டி போனை வைக்காதே, அவற்றின் பிளக்கைப் பிடுங்கிச் சார்ஜர் மாட்டாதே, பக்கத்துக் கட்டில்காரியைப் படமெடுக்காதே என்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணமே சொல்லாமல் "உள்ளே போன் கூடாது" என்று விரட்டினால்தான் சந்தேகம் வருகிறது. ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட்டு, பெண் பிள்ளைக்கு ஒரு ரேட்டு என்று கை நீட்டும் வழக்கம் நம் பிரசவ வார்டுகளில் ஊரறிந்த சங்கதி. அங்கே கேமராவுக்குப் பயப்பட வேண்டியவள் கர்ப்பிணி இல்லை.

பிரசவத்தில் பெண் தானே தேர்ந்தெடுத்த துணை ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. நம் வீடுகளில் அந்தத் துணை யாரென்று பெரியவர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். அம்மாவிடம் தனியாக நாலு வார்த்தை அழ, கொடுத்த மாத்திரை எதற்கென்று பார்க்க, மருத்துவ உதவி எண் 104-ஐக் கூப்பிட்டுக் கேட்க, அவளுக்கு மிச்சமிருப்பது அந்தக் கையகலக் கருவிதான்.

ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாக் கருவி இருக்கும் என்று 'இனி வரும் உலகம்' கட்டுரையில் பெரியார் அந்தக் காலத்திலேயே சொன்னார். ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை பிறக்கும் என்றும் அதிலேயே சொன்னார். சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தாயிற்று. கருவியும் வந்தாயிற்று. அது இருக்கும் சட்டைப் பை மட்டும் இன்னும் ஆம்பளைச் சட்டையாகவே இருக்கிறது.

மருமகள் போனை வாங்கி பீரோவில் வைத்திருப்பவர்கள், அடுத்த பார்வையாளர் நேரத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். சார்ஜரையும் மறக்க வேண்டாம்.