நெசவாளியின் மனைவி

சில ஆண்டுகளுக்கு முன்பு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் ஒரு பகற்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பட்டுத் தறியைப் பற்றிப் பத்திரிகை ஒன்றுக்கு எழுத வேண்டியிருந்தது. பெரியவர் குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. ஒருவர் கை போதாது. பக்கத்தில் இருந்து கரை நாடாவை வாங்கித் தள்ளியவர் அவருடைய மனைவி. நடுநடுவே தார் சுற்றியதும், அறுந்த இழையை முடிந்ததும், எனக்குக் காப்பி கொண்டுவந்ததும் அந்த அம்மாள்தான்.

கட்டுரை வெளிவந்தது. அடுத்த முறை போனபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பேத்தி படிச்சுக் காட்டினா. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா, 'நெசவாளியின் மனைவி'ன்னு போட்டுட்டீங்களே, சார். அப்போ நான் நெய்யலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. கண் கண்டதைக் கை எழுதவில்லை. வஞ்சனையாக எழுதியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். வழக்கத்தால் எழுதியதால், எழுதியது கூடத் தெரியவில்லை.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். காஞ்சிக்கு அருகே உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம், பெருமைக்கு உரியவைதான். வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். நிலமும் கல்வியும் வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு வரக் கூடாது. அந்த உறவுப் பட்டியலில்தான் பெண் தலைகாட்டுகிறாள். சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், சகோதரியின் கணவன், மகளை மணந்தவன் என்று, ஓர் ஆணை இன்னோர் ஆணோடு முடியும் இழையாக. குடத்தில் அவள் பெயருக்கு ஓலை இல்லை.

இன்று ஓலை உண்டு. 1992இல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கின. 2016இல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கியது. காஞ்சிபுரம் மாநகராட்சியான பிறகு, 2022இல் அதன் முதல் மேயராக வந்தவரும் ஒரு பெண்தான். ஆனாலும், மனைவி பதவியில் இருக்கக் கணவர் அதிகாரம் செய்கிற ஊராட்சிகள் நாட்டில் எத்தனையோ! இதற்கு மருந்து தேட மத்திய அரசு அமைத்த குழு, 2025இல் வெளிவந்த அறிக்கையில் தண்டனையையும் சொன்னது, பயிற்சியையும் சொன்னது.

"நியாயத்தைப் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். 2023இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளுக்கென்றே ஒரு கைநூல் வெளியிட்டது. பெண்களைப் பற்றித் தீர்ப்பில் எழுதக் கூடாத சொற்கள் ஒரு பக்கம், எழுத வேண்டியவை மறுபக்கம். அதைப் பார்த்து நண்பர் சிரித்தார். "கற்றறிந்த நீதிபதிக்கு அரிச்சுவடியா? மனம் மாறாமல் சொல் மாறி என்ன பயன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளிடம் எனக்கு மரியாதை இருந்தது. மனம் நல்லதாகத்தான் இருந்தது. கைக்குத்தான் பழக்கம் போதவில்லை. நல்ல மனத்தால் மட்டும் யாரும் நெசவு கற்றதில்லை. கோர்வை விழக் கை பழக வேண்டும். மறைமலை நகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தில் ஊராட்சித் தலைவிகளுக்குப் பயிற்சி தருகிறார்கள்; நல்லதுதான். ஆனால், தலைவியை விட்டுவிட்டு அவள் கணவரிடம் பேசுகிற அதிகாரிக்கும், அவர் படத்தைப் போடுகிற நிருபருக்கும், எனக்கும் யார் பயிற்சி தருவது? எனக்கு அந்த அம்மாள் தந்தார்.

நண்பர் சொன்னதிலும் ஒரு பாதி உண்மை உண்டு. இந்தத் தொகுப்புக்காக அந்தப் பழைய கட்டுரையை எடுத்து, ஒரு வரியைத் திருத்தினேன். 'இருவரும் நெய்துகொண்டிருந்தார்கள்' என்று இப்போது இருக்கிறது. அந்த வீட்டுக் கூலிப் புத்தகத்தில் மட்டும் இன்னும் பெரியவர் பெயர் ஒன்றுதான். அதைத் திருத்த என் பேனா போதாது.